தற்புகழ்ச்சியும் பிறர்பொருட்டு எழுதுதலும்: அமெரிக்க விளம்பர உரையாளர் இருவர்

நூல் செய்வோன் தன்னைத்தானே புகழ்தல் தகுமா என்னும் வினாவிற்குப் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் விடை வகுத்துள்ளார். அரிய நூல்கள் பலவற்றைச் செய்து முடித்தவனாயினும் தற்புகழ்ச்சி தகாது என்பது பொதுவிதி. அரசவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் அது தகும் என்பது சிறப்புவிதி. இவ்விதிகளைக் கூறும் நன்னூலே சீயகங்கன் வேண்டச் செய்யப்பெற்றது என்பதனை அதன் சிறப்புப்பாயிரம் அறிவிக்கின்றது. எனவே, பிறர் வேண்ட எழுதுதலும் எழுதுவோன் தன் தகுதியைப் புலப்படுத்தலும் ஒருங்கு எழும் சிக்கல்கள் என்பது தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று.

இச்சிக்கல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் ஒரு புதிய தொழிலோடு மீண்டும் தலைகாட்டியது. வணிகர்க்காக விளம்பர உரை எழுதித் தரும் தொழிலே அது. நம் மரபிற்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு யாதும் இல்லை. வினா ஒன்றாதலின் ஒருங்குவைத்து நோக்குதல் பயன்தரும் என யாம் கருதுகின்றோம்.

அந்நாட்டில் விளம்பர முகவர்கள் 1840களிலேயே தோன்றிவிட்டனர். எனினும் அவர்கள் விற்றது செய்தித்தாள்களின் வெற்றிடத்தையே. அதற்குரிய கழிவே அவர்தம் ஊதியம். அவ்விடத்தை நிரப்பும் சொற்களைப் பெரும்பாலும் வணிகரே எழுதிக்கொண்டனர். சொல்லுக்குத் தனி விலை உண்டு என்பதனை நிலைநாட்டியவருள் முதல்வராக எண்ணத்தக்கவர் ஜான் பவர்ஸ் (1837-1919). நியூயார்க்கில் லார்டு அண்டு டெய்லர் என்னும் கடைக்கு எழுதிவந்த அவரை, 1880இல் பிலடெல்பியாவின் பெருவணிகர் ஜான் வானமேக்கர் தம் கடைக்கு முழுநேர எழுத்தாளராக அமர்த்திக்கொண்டார்.

பவர்ஸின் நடை எளியது. அணியும் மிகையும் அற்றது. கழித்துக்கட்ட வேண்டிய மட்டமான மழைக்காப்பு உடைகள் கடையில் குவிந்துள்ளன என்று அப்பிரிவின் மேலாளர் தம்மிடம் தனித்துக் கூறியதனை, அவர் அவ்வாறே விளம்பரமாக வெளியிட்டார் என்றும், மறுநாளே அவை விற்றுத் தீர்ந்தன என்றும் விளம்பர வரலாற்று நூல்கள் கூறும். கழுத்துப்பட்டைகளைப் பற்றி எழுதுங்கால், அவை தோற்றத்தளவிற்குத் தரமுடையன அல்ல, ஆயினும் கொடுக்கும் விலைக்குப் போதும் என்ற கருத்துப்பட எழுதினார். வணிகம் பெருகியது, ஆயினும் முதலாளிக்கும் எழுத்தாளர்க்கும் இணக்கம் நிலைக்கவில்லை. இருமுறை விலக்கப்பெற்ற பவர்ஸ் 1886இல் அக்கடையினின்றும் முற்றிலும் நீங்கினார்.

அதன்பின் அவர் எவரிடத்தும் நிலையான பணி ஏலாது, வேண்டுவோர் பலர்க்கும் தனித்து நின்று எழுதலானார். 1890களில் அவர்தம் ஊதியம் நாளொன்றுக்கு 100 டாலருக்கு மேற்பட்டதாகக் குறிக்கப்படுகின்றது. நொடித்துப்போன பிட்ஸ்பர்க் துணிவணிகர் அவரை நாடியபோது, தாம் செலுத்த இயலும் அளவினும் 1,25,000 டாலர் மிகுதியாகக் கடன்பட்டிருப்பதனையும், மக்கள் வந்து வாங்கினாலன்றித் தமக்கு உய்வில்லை என்பதனையும் அவ்வணிகரே வெளிப்படையாக அறிவிக்குமாறு அவர் எழுதித் தந்தார். மக்கள் திரண்டனர், கடை பிழைத்தது. முதலாளியின் பொறுமையைச் சோதித்த அதே வாய்மையே பின்னர்ப் பலரும் அவரைத் தேடிவரக் காரணமாயிற்று என்பது ஈண்டு உளங்கொளத்தக்கது. தன்னைப் புகழும் சொல்லால் அன்றி, எழுதுவிப்போனுக்காகவும் பொய்யுரையான் என்ற பெயரால் அவர் தொழில் நடத்தினார்.

பவர்ஸைப் பின்பற்றித் தனித்தெழுதுவோர் பலர் தோன்றினர். 1888இல் ஜார்ஜ் ரவல் தொடங்கிய 'பிரிண்டர்ஸ் இங்க்' என்னும் தொழில் இதழ் அவர்கட்கு அரங்காயிற்று. கொல்லன் இரும்பினை வடிப்பதுபோல் விளம்பரத்தை வடிப்பவர் என்னும் பொருள்படத் தமக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்ட சார்லஸ் ஆஸ்டின் பேட்ஸ், அவ்விதழில் பிறர் விளம்பரங்களைத் திறனாய்ந்து எழுதியதன் வாயிலாகத் தம் புலமையையும் விளங்கச் செய்தார். ஆற்றல் உணராதாரிடத்துத் தற்புகழ்ச்சி தகும் என்ற நன்னூல் விதி இங்கு நினைவிற்கு வருகின்றது.

கிளாட் ஹாப்கின்ஸ் (1866-1932) கையாண்ட நெறி இதனினும் நுட்பமானது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் கம்பளம் பெருக்கும் கருவிகள் செய்த பிஸ்ஸல் நிறுவனத்தில் கணக்கெழுதுபவராக இருந்த அவர், பவர்ஸ் அந்நிறுவனத்திற்கு எழுதியனுப்பிய சிறுநூலைக் கண்டு, கருவியையோ அதை வாங்கும் பெண்டிரையோ அறியாது எழுதப்பட்டது அஃது என்று குறைகூறித் தாமே வேறொன்று எழுதினார். பின்னர், அக்கருவியைக் கிறிஸ்துமஸ் பரிசாக விற்கக் கருதி அவர் எழுதிய 5,000 மடல்கள் 1,000 கொள்முதல்களைக் கொணர்ந்தன என்று தம் வரலாற்று நூலில் (1927) கூறுகின்றார். வாய்மையோடு பொருளறிவும் வேண்டும் என்பதே பவர்ஸுக்கு அவர் அளித்த மறுப்பு எனலாம்.

சிக்காகோவின் ஸ்விப்ட் நிறுவனம் விளம்பர மேலாளரைத் தேடியபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் தமக்கு முன்னரே விண்ணப்பித்திருக்கக் கண்ட ஹாப்கின்ஸ், தம்மைத் தாமே புகழ்ந்து எழுதவில்லை. தம் பணியை அறிந்த முகவரும் வணிகரும் தம்மைப் பற்றி அந்நிறுவனத்திற்கு மடல் எழுதுமாறு செய்தார். உள்ளூர் நாளிதழில் விளம்பரக் கலையைப் பற்றிய கட்டுரைகளைத் தம் பெயரும் படமும் விளங்க ஊதியமின்றி நாடோறும் எழுதி, அவற்றையும் அனுப்பினார். பணி அவர்க்கே கிட்டியது. நூலாசிரியனின் ஆசிரியனும், உடன் கற்றோனும், மாணாக்கனும், உரைகாரனும் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர் என்று நன்னூல் வகுத்ததன் கருத்தும் இதுவே. தகுதிக்குச் சான்று பிறர் வாயினின்று வருதல் வேண்டும்.

இத்துணையும் எழுதுவோனின் தற்புகழ்ச்சி பற்றியது. அவன் புகழும் பிறர் பொருள் பற்றிய வினாவோ இதனினும் கடியது. 1900களின் தொடக்கத்தில் ஹாப்கின்ஸ் 'லிக்கொசோன்' என்னும் மருந்தின் வணிகத்தில் தாமும் பங்கேற்று, முதற் புட்டியை விலையின்றி அளித்து அதனைப் பரப்பினார். பற்பல நோய்களைப் போக்கும் கிருமிக்கொல்லி என விளம்பரப்படுத்தப்பட்ட அது, சிறிதளவு அமிலம் கலந்த நீரே என்பதனைச் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 1905இல் 'காலியர்ஸ்' இதழில் வெளிப்படுத்தினார். மருந்துகளின் மேலொட்டுச் சீட்டில் பொய்யுரை கூறலைத் தடுக்கும் நடுவணரசுச் சட்டம் 1906இல் பிறந்தது. கம்பளக் கருவியை விற்ற அதே நுண்திறனே பொய்ம்மருந்தையும் விற்றது. பவர்ஸும் பிற்காலத்தில் ஆயத்த மருந்து வணிகர்க்கு எழுதினார் என்பது மறைத்தற்குரியதன்று.

இவற்றால் யாம் பெறும் முடிவு இது. நிறுவனத்தின் நிழல் இன்றித் தனித்தெழுதுவோனுக்கு நம்பிக்கையே முதல். அதனைத் தற்புகழ்ச்சி ஈட்டித் தராது. பிறர் சான்றும் செய்து காட்டிய பணியுமே ஈட்டித் தரும். அவ்வாறு ஈட்டியதனை எப்பொருளுக்கும் கடன் கொடுத்தல் எழுதுவோனுக்கு எளிது. அக்கடன் பொய்த்தவிடத்து இழப்பவனோ சொல்லை நம்பி வாங்கியவன். தற்புகழ்ச்சிக்கு எல்லை வகுத்த இலக்கணம் நம்மிடம் உண்டு. பிறர் பொருளைப் புகழும் சொல்லுக்கு எல்லையை அமெரிக்க நாட்டில் எழுதுவோர் தாமே வகுத்துக்கொள்ளாமையின், சட்டம் வந்து வகுக்க நேர்ந்தது.