கறுப்புத் திரையின் வரலாறு

லினக்ஸ் கொம்பியூட்டர் ஒன்றுக்குள் தூரத்திலிருந்து நுழையப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரையைத் தெரிந்திருக்கும். பெயர் கேட்கும், பாஸ்வேர்ட் கேட்கும், எல்லாம் சரி என்பதுபோல உள்ளே விடும். பிறகு ஒன்றும் இராது. சிலருக்குக் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் வரும், நடுவில் மவுஸுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெருக்கல் குறி அலையும். வேறு சிலருக்கு, திரையைத் திறக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி. இணையத்தில் தேடினால் யாரோ ஒருவர் ‘இந்தக் கொமாண்டை அடிச்சுப் பாருங்கோ’ எண்டு எழுதி வைத்திருப்பார். அடிக்கிறோம். சிலவேளை சரிவரும். ஏன் சரிவந்தது எண்டு மட்டும் தெரியாது.

‘லினக்ஸ் அப்பிடித்தான், விண்டோஸில இந்தக் கரைச்சல் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தூரத்துத் திரை என்ற எண்ணம் லினக்ஸ் பிறந்த வீட்டுக்கு, அதாவது யுனிக்ஸ் உலகத்துக்கு, விண்டோஸ் பிறக்க முந்தியே வந்துவிட்டது. முதலில் தெரிந்துவைத்திருந்தவர்களே பிறகு ஏன் தடுமாறினார்கள்? எனக்கு இந்தப் பிழைச் செய்திகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒருவர் எடுத்த தீர்மானத்தின் மிச்சமாகத்தான் தெரிகின்றன. அதனால் அவற்றை ஆண்டு வாரியாகப் பார்ப்போம்.

1983இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது எம்.ஐ.ரி., ‘அதீனா’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. டிஜிட்டல், ஐ.பி.எம். என்ற இரண்டு கம்பனிகள் இயந்திரங்களைக் கொடுத்தன. கம்பஸில் எந்த இடத்தில் இருந்தாலும், எந்தக் கம்பனியின் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாலும், மாணவருக்குத் தன் வேலை தன் முன்னால் வரவேண்டும் என்பதே நோக்கம். இரண்டு கம்பனிகளின் இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. ஒன்றுக்கு எழுதின புரோகிராம் மற்றதில் ஓடாது. அப்படியென்றால் புரோகிராம் ஓடுகிற இயந்திரத்தில் ஓடட்டும், படம் மட்டும் இன்னொரு இயந்திரத்தின் திரையில் விழட்டும் என்று யோசித்தார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ‘டபிள்யூ’ என்ற பெயரில் ஒரு ஜன்னல் மென்பொருள் இருந்தது. பொப் ஷைஃப்லர் அதை எடுத்துத் திருத்தினார், ஜிம் கெற்றிஸ் சேர்ந்துகொண்டார். ஆங்கில அரிச்சுவடியில் டபிள்யூவுக்கு அடுத்தது எக்ஸ் என்பதால் அதையே பெயராக வைத்தார்கள். 1984 ஜூனில் ஷைஃப்லர் அதை அறிவித்தபோது விண்டோஸின் முதல் பதிப்பு வெளிவர இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. 1987 செப்டெம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வந்தது. லினக்ஸ்காரர் இன்றும் ‘எக்ஸ்11’ என்று சொல்வது அதைத்தான்.

எக்ஸின் உலகத்தில் சொற்கள் தலைகீழாக இருக்கும். நாங்கள் சேர்வர் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய இயந்திரம் என்று நினைப்போம். எக்ஸில் சேர்வர் என்பது உங்கள் முன்னால் இருக்கிற திரையும் கீபோர்டும் மவுஸும்தான். அவை சேவை செய்கின்றன. தூரத்தில் ஓடுகிற புரோகிராம் அந்தச் சேவையைக் கேட்டு வருகிற வாடிக்கையாளர், அதாவது கிளையன்ட். ‘ஐயா, எனக்கு இந்த இடத்தில ஒரு ஜன்னல் கீறித் தாங்கோ’ என்று அது கேட்கவேண்டும். எந்தத் திரையிடம் போய்க் கேட்பது என்ற விலாசத்தை ‘டிஸ்பிளே’ என்ற ஒரு மாறியில் எழுதிவைப்பார்கள். அந்த மாறி வெறுமையாக இருந்தால், அல்லது பிழையான விலாசம் கிடந்தால், புரோகிராம் நடுத்தெருவில் நிற்கும். திரையைத் திறக்க முடியவில்லை என்ற வரி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பெரும்பாலும் என்றேன். ஏனெண்டால் விலாசம் சரியாக இருந்தும் கதவு திறக்காமல் போகலாம், அது நம்பிக்கை பற்றிய கதை. ஒரு கம்பஸுக்குள் எல்லாரும் எல்லாரையும் ஓரளவு நம்பலாம் என்ற காலத்தில் எக்ஸ் எழுதப்பட்டது. ஒரு திரையில் ஜன்னல் திறக்க அனுமதி பெற்ற புரோகிராம், அதே திரையில் மற்ற ஜன்னல்களில் நீங்கள் அடிக்கிற எழுத்துகளையும் ஒட்டுக்கேட்கலாம். பாஸ்வேர்ட் உட்பட. பலர் சோம்பலில் ‘யாரும் வரலாம்’ என்று கதவை அகலத் திறந்துவிடுகிற கொமாண்டை அடித்தார்கள், அந்தப் புத்திமதி இப்பவும் இணையத்தில் உலாவுது. தயவுசெய்து அதை அடிக்கவேண்டாம். ஒழுங்கான வழி ‘மாயக் குக்கி’ என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு இரகசிய எண். அது உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும். அதைக் காட்டுகிறவனை மட்டும் திரை உள்ளே விடும். நீங்கள் இடையில் நிர்வாகியாக மாறி ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அது மறுத்தால், பல நேரம் காரணம் இதுதான்: குக்கி உங்கள் வீட்டில் கிடக்கிறது, நிர்வாகியின் வீட்டில் இல்லை.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ பாஸ்வேர்ட்களைத் திருடினார்கள். அங்கிருந்த ஆய்வாளர் தாத்து யூலொனென் அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.எச். என்ற மறைகுறியிட்ட இணைப்பை எழுதினார். அது எக்ஸின் பேச்சையும் தன் குழாய்க்குள்ளால் கொண்டுபோகப் பழகியது. பின்னாட்களில் எக்ஸ் சேர்வர்கள் வெளி வலையமைப்புக்குக் காது கொடுப்பதையே நிறுத்திவிட்டன. ஆகவே 90களில் எழுதின வழிகாட்டியைப் பார்த்து டிஸ்பிளே மாறியில் அடுத்த இயந்திரத்தின் விலாசத்தை எழுதினால் இன்று வேலை செய்யாது. எஸ்.எஸ்.எச். வழியாகப் போனால் அந்த மாறியை அதுவே நிரப்பும். நீங்கள் கைவைத்தால்தான் பிழைக்கும்.

சரி, இவ்வளவு நல்ல வழி இருக்க ஏன் எல்லாரும் இதையே பாவிக்கவில்லை? தூரம். எக்ஸ் ஓயாமல் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற சுபாவம் உள்ளது. ஒரே கட்டடத்துக்குள் அது தெரியாது. ஒரு புரோகிராம் திறக்கும்போது 500 தரம் கேட்டுக் காத்திருக்கிறது என்று வைப்போம். கேள்வி போய்ப் பதில் வர 200 மில்லிசெக்கன் எடுத்தால், ஜன்னல் முழுதாக வர 100 செக்கன். உங்கள் இணைப்பு எத்தனை ‘எம்.பி.பி.எஸ்.’ என்பது இங்கே உதவாது. கண்டம் தாண்டிப் போய் வருகிற நேரத்தைப் பக்கேஜ் மாற்றிக் குறைக்க ஏலாது. இணைப்பு அறுந்தால் இன்னும் மோசம், புரோகிராமும் அதோடு செத்துவிடும்.

இந்த இடத்தில் கதை இங்கிலாந்துக்குப் போகிறது. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி கம்பனியின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. கேம்பிரிட்ஜ் என்றதும் அந்தப் பிரபல கோப்பிப் பானை ஞாபகம் வரலாம். 1991இல், கோப்பி முடிந்துவிட்டதா என்று மாடியேறாமல் பார்க்க, பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் பானைக்கு முன்னால் கமெரா வைத்தார்கள். அதற்கான மென்பொருளை எழுதியவர்களில் ஒருவரான குவென்ரின் ஸ்ராஃபோர்ட் பிரேஸர், பிறகு ஒலிவெட்டி கூடத்தில் வி.என்.சி.யை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். எனக்கு இந்த இரண்டும் ஒரே மூளையின் வேலையாகத்தான் தெரியுது. கோப்பிப் பானையைப் பார்க்க, பானை எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டியதில்லை, படம் வந்தால் போதும். வி.என்.சி.யும் அப்படித்தான். ஜன்னல் என்ன, பொத்தான் என்ன என்று அதற்குக் கவலை இல்லை. திரையில் மாறின புள்ளிகளை அனுப்பும், மவுஸ் அசைவையும் எழுத்துகளையும் திருப்பி வாங்கும். 1998இல் அதை மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விசயம், வி.என்.சி.யில் டெஸ்க்டொப் தூரத்து இயந்திரத்திலேயே உயிரோடு இருக்கும். இணைப்பு அறுந்தாலும் திரும்பி வந்தால் பாதியில் விட்ட வசனம் பாதியிலேயே நிற்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த எங்களுக்கு இதன் அருமையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் அந்தச் சாம்பல் திரையும் இங்கிருந்துதான் வந்தது. விண்டோஸில் வி.என்.சி. போட்டால் மொனிட்டரில் தெரிகிற அதே திரை வரும். யுனிக்ஸில் அதை எழுதியவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: ஒரு இயந்திரத்தைப் பலர் பாவிப்பார்கள், ஆகவே ஒவ்வொருவருக்கும் மொனிட்டரே இல்லாத ஒரு கற்பனைத் திரை. முதலாவது ஆளுக்கு 5901ஆம் போர்ட், இரண்டாவது ஆளுக்கு 5902. அந்தக் கற்பனைத் திரை வெறும் நிலம். அதில் எந்த டெஸ்க்டொப்பை ஏற்றவேண்டும் என்று ஒரு தொடக்கக் கோப்பில் எழுதவேண்டும். எழுதாவிட்டால், அல்லது எழுதினது ஓடாவிட்டால், நிலம் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அதாவது அந்தச் சாம்பல் திரை ஒருவகையில் நல்ல செய்தி. இணைப்பு வேலை செய்யுது, பாஸ்வேர்ட் சரி, வீடுதான் இன்னும் கட்டவில்லை. (பாஸ்வேர்ட் என்றதும் ஒன்று: பழைய வி.என்.சி. முறையில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. நீங்கள் 20 எழுத்து வைத்தாலும் மிச்சம் 12உம் அலங்காரம். அதனால் இதையும் எஸ்.எஸ்.எச். குழாய்க்குள்ளால் கொண்டுபோவது புத்தி.)

அதே 1998இல் மைக்ரோசொஃப்ட் தன் ஆர்.டி.பி. முறையை என்.ரி. 4 இன் ரெர்மினல் சேர்வர் பதிப்போடு கொண்டுவந்தது. விண்டோஸ் எங்கும் இருந்ததால், இணைகிற மென்பொருளும் எங்கும் இருந்தது. லினக்ஸ்காரர் அதைத் திருப்பிப் பாவிக்கத் தொடங்கினார்கள். எக்ஸ்.ஆர்.டி.பி. என்ற திறந்த மென்பொருளைப் போட்டால், லினக்ஸ் இயந்திரம் விண்டோஸ் சேர்வர்போலப் பதில் சொல்லும், 3389ஆம் போர்ட்டில்.

கறுப்புத் திரையில் கூடுதலானவை இங்கேதான். இடைப்பட்ட காலத்தில் லினக்ஸ் டெஸ்க்டொப்பே மாறிவிட்டது. ஒரு இயந்திரம் பலருக்கு என்ற பழைய யுனிக்ஸ் எண்ணம் போய், மடிக்கணினியும் ஒரு ஆளும் ஒரு திரையும் என்று ஆகிவிட்டது. குனோம் போன்ற டெஸ்க்டொப்கள் ஒரே பயனர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பார் என்று எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் வீட்டில் இயந்திரத்துக்குள் லொகின் பண்ணி, மொனிட்டரை மட்டும் நிறுத்திவிட்டு வெளிக்கிட்டிருப்பீர்கள். வெளியிலிருந்து அதே பெயரில் நுழையும்போது இரண்டாவது டெஸ்க்டொப் எழும்பப் பார்க்கும், முதலாவது ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருக்கும், அது அப்படியே விழுந்துவிடும். மிச்சம் கறுப்பு. வீட்டில் லொக் அவுட் பண்ணிவிட்டு வந்தால் பெரும்பாலும் சரி. தூர இணைப்புக்கென்று வேறொரு பயனர் பெயர் வைத்தாலும் சரி.

2008இல் ரெட் ஹட் கம்பனியில் இருந்த கிறிஸ்ரியன் ஹொக்ஸ்பெர்க் எக்ஸுக்குப் பதிலாக ஒன்றை எழுதத் தொடங்கினார். மசாசூசெட்ஸில் உள்ள வேய்லண்ட் என்ற ஊரின் பெயரை அதற்கு வைத்தார். வேய்லண்டில் ஒரு ஜன்னல் இன்னொரு ஜன்னலை ஒட்டுக்கேட்க முடியாது. பக்கத்துத் திரையைப் படம் பிடிக்கவும் முடியாது. 1984இன் நம்பிக்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதை ஒத்துக்கொண்ட வடிவமைப்பு இது, அதில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் தூரத்துத் திரை என்பதும் ஒருவகை ஒட்டுக்கேட்டல்தானே. பூட்டைப் போட்டவர்கள் சாவியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. 2017 ஒக்டோபரில் உபுண்டு 17.10 வேய்லண்டுக்கு மாறியது. அடுத்த வந்த 18.04இல் திரும்பவும் எக்ஸுக்கே போனது. சொன்ன காரணங்களில் திரைப் பகிர்வும் தூர இணைப்பும் இருந்தன. 2021இல்தான் மறுபடி மாறியது.

சாவி மெதுவாக வந்தது. இப்போது வேய்லண்டில் திரையைப் பார்க்க விரும்புகிற மென்பொருள் முதலில் அனுமதி கேட்கவேண்டும். அந்த அனுமதிப் பெட்டி எங்கே வரும்? தூரத்து இயந்திரத்தின் திரையில். அதை அமத்த அங்கே ஆள் இல்லாததால்தானே தூரத்திலிருந்து வருகிறோம்! குனோம் 42இல், 2022இல், டெஸ்க்டொப்புக்கு உள்ளேயே ஆர்.டி.பி. வந்தது. ஆனால் ஏற்கெனவே ஒருவர் லொகின் பண்ணியிருக்கவேண்டும். அதற்காகத் தானாக லொகின் ஆகும்படி வைத்தால், இணைப்பின் பாஸ்வேர்ட் இருக்கிற சாவிக்கொத்து பூட்டியே கிடக்கும், ஆகவே வெளியிலிருந்து வருகிறவரை அது அடையாளம் காணாது. 2024 மார்ச்சில் வந்த குனோம் 46இல்தான், யாரும் முன்னால் இல்லாத இயந்திரத்தில் தூரத்திலிருந்தே புதிதாக லொகின் பண்ணுகிற வசதி வந்தது. ஆகவே ஏதும் பிழைத்தால் முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் ஸெஷன் எக்ஸ்11ஆ வேய்லண்டா என்பதை. ஒன்றுக்கு எழுதின தீர்வு மற்றதற்கு ஒத்துவராது.

கறுப்புத் திரைகூட வராமல், நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் அது வேறு வரலாறு. அதீனா காலத்தில் வலையமைப்பில் இருந்த இயந்திரத்துக்குச் சொந்த விலாசம் இருந்தது. இன்று 4ஜி ரவுட்டர்களில் பல, வேறு ஆயிரம் வீடுகளோடு சேர்ந்து ஒரு விலாசத்துக்குப் பின்னால் நிற்கின்றன. வெளியிலிருந்து வருகிற தட்டல் உங்கள் வீட்டை வந்தடையவே வந்தடையாது. லினக்ஸை எத்தனை தரம் திருத்தினாலும் இது மாறாது. உள்ளேயிருந்து வெளியே போகிற ஒரு குழாயை முதலில் போடவேண்டும்.

2019இல் கூகிளின் கோடைகால மாணவர் திட்டத்தில் ஒருவர் ‘வேபைப்’ என்ற ஒன்றை எழுதினார். வேய்லண்டில் ஓடுகிற ஒரு தனிப் புரோகிராமின் ஜன்னலை மட்டும் எஸ்.எஸ்.எச். வழியாக இன்னொரு இயந்திரத்தின் திரைக்குக் கொண்டுவருகிறது. முழு டெஸ்க்டொப்பும் தேவையில்லை. அதீனா காலத்து எக்ஸில் இருந்த அதே வசதி. இரண்டு பக்கமும் அதை நிறுவியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.