சாய்வெழுத்தும் தமிழின் ஏகாரமும்

சாய்வெழுத்து என்பது வலப்பக்கம் சாய்ந்த அச்செழுத்து. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திக் கூறவும், பிறமொழிச் சொல்லையும் நூற்பெயரையும் பிரித்துக் காட்டவும் இது பயன்படுகிறது. இத்தாலியில் பிறந்ததால் 'இட்டாலிக்' எனப் பெயர் பெற்றது.

பிறந்தபோது இதற்கு அழுத்தம் தரும் வேலை கிடையாது. வெனிசு நகர அச்சகத்தார் ஆல்டசு மனுசியசு, அக்கால அறிஞர்களின் கையெழுத்தைப் போன்ற அச்சை விரும்பினார். பிரான்செசுகோ கிரிஃபோ அதை வெட்டிக் கொடுத்தார். 1501இல் வெளிவந்த வெர்ஜிலின் கவிதை நூல் முழுவதுமே இவ்வெழுத்தில் அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் தலைப்பெழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. நேரெழுத்துக்கு நடுவே சாய்வெழுத்தைக் கலந்து சொற்களைத் தனித்துக் காட்டும் வழக்கம் பிறகுதான் பரவியது. கையெழுத்திலும் தட்டச்சிலும் சாய்க்க இயலாததால் அடிக்கோடு இட்டனர். அச்சுக்கோப்பவர் அதைச் சாய்வெழுத்தாக மாற்றிக்கொள்வார். ஆங்கில விடைத்தாளில் நூற்பெயருக்குக் கீழே கோடிடும் மூலக்குளம், வில்லியனூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டின் வரலாறு இதுதான்.

தமிழ் அச்சும் பழையதே. 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. எனினும் சாய்வெழுத்து இங்கே வேரூன்றவில்லை. அழுத்தத்தை எழுத்தின் வடிவம் சுமக்க வேண்டிய தேவை தமிழுக்குக் குறைவு என்பதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். 'கண்ணன் வந்தான்' என்பதில் வந்தவன் வேறு எவனும் அல்லன் என்று உணர்த்த, ஆங்கிலத்தில் பெயரைச் சாய்ப்பார்கள். நாம் 'கண்ணனே வந்தான்', 'கண்ணன்தான் வந்தான்' என்கிறோம். ஏகாரத்தின் ஐந்து பொருள்களுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் தொல்காப்பியம் அன்றே வகுத்துவிட்டது. சாய்வெழுத்து கண்ணுக்கு மட்டுமே தெரியும்; ஏகாரம் காதிலும் விழும்.

பிறமொழிச் சொல்லில் இரு வழிகள் இருந்தன. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக என்பது தொல்காப்பிய நெறி. வந்த சொல் வீட்டுப் பிள்ளையாகிவிடும். மணிப்பிரவாள உரைகளோ வடசொற்களைக் கிரந்த எழுத்திலும் தமிழ்ச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் எழுதின. சாய்வெழுத்து செய்கிற வேலையை அங்கே வேறோர் எழுத்துமுறையே செய்தது. கிரந்த எழுத்தைக் காண நாம் தொலைவு போக வேண்டாம். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அவ்வெழுத்திலான ஓலைச்சுவடிகள் ஏராளம். அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இன்றைய கணினி தமிழையும் ஒரு சொடுக்கில் சாய்த்துவிடுகிறது. ண, ன போன்ற சுழியெழுத்துகள் அப்போது கண்ணை உறுத்துகின்றன. தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோள் குறியோ போதும்.

ஆங்கிலத்தில் எழுதும் தமிழருக்கு இன்னொரு கேள்வி உண்டு. கட்டுமரத்திலிருந்து போன 'கேட்டமரான்' அங்கே நிமிர்ந்தே நிற்கிறது. 'சல்லிக்கட்டு', 'கோலம்' போன்றவற்றைச் சிலர் சாய்க்கிறார்கள். தம் வீட்டுச் சொல்லைத் தாமே அயலாகக் காட்டுவதா என்று சாய்க்க மறுக்கும் எழுத்தாளர்களும் உள்ளனர். என் சார்பு இவர்கள் பக்கமே. ஆனால் உயிரினங்களின் அறிவியற்பெயரைச் சாய்த்து எழுதுவது உலக மரபு. மாணவர்கள் அதைக் கைவிடக் கூடாது.