உருளைக்கிழங்கைக் காக்கும் நுண்ணங்கிகள்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலும் யாழ். குடாநாட்டிலும் உருளைக்கிழங்குச் செய்கை பல குடும்பங்களின் வாழ்வாதாரமாகும். இப்பயிரைத் தாக்கும் பற்றீரியா நோய்களுள் வாடலும் மென்னழுகலும் முக்கியமானவை. பங்கசு நோய்களை மருந்து தெளித்துக் கட்டுப்படுத்தும் விவசாயி, இவ்விரு நோய்களின் முன் கையறு நிலையிலேயே நிற்கின்றார். நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் இரசாயனம் எதுவும் இல்லை.

வாடல் நோயை உண்டாக்கும் ரல்ஸ்ரோனியா சொலனேசியாரம் என்னும் பற்றீரியா, வேரிலுள்ள காயங்களூடாக நுழைந்து நீர் கடத்தும் கலன்களை அடைத்துவிடுகின்றது. இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி வாடுகின்றது. வாடிய தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற இழை இறங்கும். வயலிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை இது.

இந்நோயாக்கிகளுக்கு மண்ணிலேயே எதிரிகள் உண்டு. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேரின் மேற்பரப்பில் குடியேறி, நோயாக்கிக்குத் தேவையான இரும்பையும் இடத்தையும் கவர்ந்துகொள்கின்றது. செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றது. பசிலஸ் சப்டிலிஸ் நோயாக்கிகளைத் தடுக்கும் பதார்த்தங்களைச் சுரக்கின்றது.

மென்னழுகல் பற்றீரியாக்கள் தாம் போதியளவு பெருகிவிட்டதை இரசாயனச் சமிக்ஞைகளால் ஒன்றுக்கொன்று உணர்த்திய பின்னரே கிழங்கை அழுகச் செய்யும் நொதியங்களைப் பெருமளவில் வெளியிடுகின்றன. ஒருவகைப் பசிலஸின் நொதியம் இச்சமிக்ஞையையே சிதைத்துவிடுவதை 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். நோயாக்கியைக் கொல்லாமலே அதன் தாக்குதலைத் தணிக்க முடியும் என்பதை இது உணர்த்துகின்றது.

ஆயினும் நன்மை தரும் நுண்ணங்கிகள் காவலரேயன்றி மருத்துவர் அல்ல. நோய் பரவிய பின் இடுவதால் பயனில்லை. விதைக்கிழங்கை நடுவதற்கு முன்னரே அவற்றால் பரிகரிக்க வேண்டும். சேதனப் பொருளும் ஈரமும் அற்ற மண்ணில் அவை நிலைப்பதில்லை. ஓரிடத்தில் நற்பலன் தரும் இனம் வேறு மண்ணில் அவ்வாறே செயற்படும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. நோயற்ற விதைக்கிழங்கு, நல்ல வடிகால், தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற ஒரே குடும்பப் பயிர்களைத் தவிர்த்த பயிர்ச் சுழற்சி ஆகியவற்றோடு இணையும்போதே இம்முறை கைகொடுக்கும்.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. போதிய ஆயத்தமின்றிச் செய்யப்படும் மாற்றத்தின் சுமை விவசாயியின் தலையிலேயே விழும் என்பதே அதிலிருந்து பெற்ற பாடம். எமது மண்ணுக்கேற்ற நுண்ணங்கிகளை இனங்கண்டு, வயலில் பரீட்சித்து, தரம் உறுதிசெய்யப்பட்ட பின்னரே விவசாயிகளிடம் கையளித்தல் வேண்டும்.