உறவும் முகவரியும்

செய்தி வழியில் தொலைந்துபோவது ஒரு துன்பம். தொலையாமல் ஆள்மாறிச் சேர்வது அதனினும் பெரிய துன்பம். மறுமொழி வராதபோது, கடிதம் தொலைந்தது போலும் என்றெண்ணி மற்றொன்று எழுதுகின்றோம். ஆள்மாறிச் சேர்ந்த செய்தியோ, அறியத் தகாதவரை அறியச் செய்து, அறிய வேண்டியவரை அறியாதவராகவே விட்டுவிடுகின்றது. கைத்தொலைபேசியின் மென்பொருளை இற்றைப்படுத்திய மறுநாட் காலையில், தாய்க்கு வந்த செய்தி மகளின் திரையிலும், மகனுக்கு வந்த செய்தி தந்தையின் திரையிலும் தோன்றக் கண்டு பல குடும்பங்கள் திகைத்ததுண்டு. இத்திகைப்புப் புதியது, இதன் காரணமோ மிகப் பழையது. ஒருவரை உறவினர் அறிவது ஒரு வகை, செய்தியைக் கொண்டு செல்லும் ஏற்பாடு அறிவது வேறொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் வரலாற்றை, வன்னிப் பெருநிலத்து ஊராகிய ஸ்கந்தபுரத்தை மனத்திற் கொண்டு இங்கு ஆராய்வோம்.

ஸ்கந்தபுரம் கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன்குளத்தை அடுத்துள்ள ஊர். முருகப் பெருமானின் திருப்பெயர் பூண்டது. வயலும் குளமும் காடும் சூழ்ந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிளிநொச்சி, 1984ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். அவர்களுட் பலர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தனர். மறு ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி நகரும் போரில் வீழ்ந்தது. அங்கிருந்த மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி முதலிய இடங்களுக்கு நகர்ந்தனர். ஓர் ஊரின் சனத்தொகை சில வாரங்களுக்குள் பன்மடங்காகப் பெருகியது. மரநிழலும் பாடசாலை மண்டபமும் ஓலைக் கொட்டிலும் வீடுகளாயின.

இத்தகைய இடத்தில் முகவரி என்பது யாது? வீட்டிலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை, இன்று இருக்கும் கொட்டில் அடுத்த மாதம் இருக்குமென்பதும் இல்லை. தொலைபேசித் தொடர்போ போர்க்காலத்தின் நீண்ட பகுதியில் வன்னி மக்களுக்கு இல்லாதிருந்தது. தென்னாசியாவிலேயே முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டில் இலங்கையிலே தொடங்கியது என்னும் பெருமை கொழும்புக்கு உரியதாயிருந்த காலத்தில், வன்னியிலிருந்த தாய்க்கும் வெளிநாட்டிலிருந்த மகனுக்கும் இடையே கடிதத்தாளே பாலமாயிருந்தது.

அக்கடிதங்களுள் ஒருவகை இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. அதுவே செஞ்சிலுவைச் செய்தி. உறையில் இட்டு ஒட்டப்படாத திறந்த தாள் அது. குடும்பச் செய்தியன்றி வேறொன்றும் அதில் எழுதலாகாது. அதன் தலைப்பகுதியில் அனுப்புவோர், பெறுவோர் ஆகிய இருவருடைய முழுப்பெயரும், தந்தை பெயரும், தாய் பெயரும், பிறந்த நாளும் கேட்கப்படும். இருந்த இடம் மாறிவிடும். பெற்றோர் பெயர் மாறுமா? மனிதரை அவர் நிற்கும் இடத்தால் அன்றி, அவர் பிறந்த குடும்பத்தால் தேடிக் கண்டுபிடிக்கும் முறை இது. இலங்கைப் போர்க்காலத்திலும் பிரிந்த குடும்பங்கள் பல இத்தாள்களின் வழியே ஒன்றையொன்று அறிந்துகொண்டன.

இந்த முறை ஒருநாளில் உருவானதன்று. 1914ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில், முதலாம் உலகப் போர் மூண்ட சில கிழமைகளுக்குள், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு ஜெனீவா நகரில் போர்க்கைதிகளுக்கான நிலையமொன்றை நிறுவிற்று. நகரின் ராத் அருங்காட்சியகக் கட்டடத்திலே தொண்டர்கள் அமர்ந்து, கைதிகளின் பெயர்களை அட்டைகளிற் பதிந்தனர். அட்டைகளின் தொகை அறுபது இலட்சத்துக்கும் குறையாது. அவர்களுக்கு நேர்ந்த தலையாய இடர் ஒரே பெயர் உடையோர் பலராயிருந்தமை. பெயரொன்றை மாற்றி எடுத்தால், உயிரோடிருப்பவனின் தாய்க்கு இறப்புச் செய்தி போகும். இறந்தவனின் தாய்க்கு நம்பிக்கை போகும். அதனாலேயே தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு என அடையாளங்களை அடுக்கினர். இரண்டாம் உலகப் போரில் துளையிட்ட அட்டைகளைப் பிரிக்கும் பொறிகளும் இப்பணிக்கு வந்தன; பொதுமக்கள் தம் உறவினருக்கு இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படாத செய்திகளை அனுப்பினர். முதலாம் போர்க்கால அட்டைகளை உலக நினைவுப் பதிவேட்டில் 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது.

ஜெனீவாவில் அட்டை செய்த வேலையை நமது வீட்டுக் கடிதமும் தன்னளவிற் செய்து வந்தது. பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். இன்ன ஊரிலிருக்கும் அன்புள்ள தாயாருக்கு, இன்ன இடத்திலிருந்து மகன் இன்னான் எழுதிக்கொள்வது என்று அவை தொடங்கும். நலம், நலமறிய ஆவல் என்று தொடரும். இளைஞர் சிலர் இதனை வெறும் சடங்கு என்று நகைத்ததுண்டு. ஆனால் இச்சடங்கினுள்ளே ஒரு காவல் இருந்தது. உறை கிழிந்தாலும், மழையில் முகவரி அழிந்தாலும், தபாற்காரர் வீடு மாறிக் கொடுத்தாலும், முதல் வரியைப் படித்தவுடனே இஃது யாருடையது என்பது விளங்கிவிடும். படித்தவர் மேற்கொண்டு படியாது மடித்து உரியவரிடம் சேர்ப்பிப்பார். முகவரி உறையின்மேல் ஒருமுறையும், கடிதத்தினுள் ஒருமுறையுமாக இருமுறை எழுதப்பட்டிருந்தது.

தந்தி வந்தபோது இக்காவல் தளரத் தொடங்கியது. இலங்கையில் 1858ஆம் ஆண்டு கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி தொடுக்கப்பட்டது. தந்தியிற் சொல்லுக்குக் காசு. காசுக்கு அஞ்சிய மக்கள் விளியையும் நலம் விசாரிப்பையும் நீக்கினர். அதன் வழித்தோன்றலே குறுஞ்செய்தி எனலாம். 1992ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் பிரித்தானியாவில் நீல் பாப்வர்த் என்னும் பொறியியலாளர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தே முதற் குறுஞ்செய்தி. அதற்கு விதித்த எல்லை 160 எழுத்துகள்.

ஆயினும் 160 என்பது ஆங்கில நெடுங்கணக்குக்கு உரிய கணக்கு. தமிழில் எழுதினால் 70 குறிகளுக்கே ஒரு செய்தியில் இடமுண்டு. அந்த எழுபதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ஸ்கந்தபுரம் என்னும் பெயரை நாம் ஏழு எழுத்தாக எண்ணுகின்றோம். பொறியோ பதினொன்றாக எண்ணுகின்றது. ஊர்ப்பெயரை எழுதிய அளவிலே செய்தியின் ஆறிலொரு பங்கு தீர்ந்துவிடும். எல்லை கடந்த செய்தி துண்டுகளாகப் பிரிந்து செல்லும். சில வேளைகளிற் பின்துண்டு முன்னே வந்து சேரும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய தொலைபேசிகளிலோ வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. ஆகவே மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினர். அங்கு வலி, வழி, வளி என்னும் மூன்றும் பலர் கையில் ஒரே வடிவம் கொண்டன. அம்மாவுக்கு வழி தெரியவில்லை என்றானா, வலி தெரியவில்லை என்றானா என்று பெறுபவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தமிழை எழுத்தெழுத்தாகக் குறிக்கும் யுனிகோட் முறை 1991ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டிருந்தும், சாதாரண மக்களின் கைத்தொலைபேசிக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. இத்தனை நெருக்கடிக்குள்ளே, இன்னாருக்கு இன்னார் எழுதுவது என்னும் பழைய முதல் வரிக்கு இடம் எங்கே? அது மறைந்தது. முகவரி முழுவதும் பொறியின் பொறுப்பாயிற்று.

இந்நிலையிலேதான் 2011ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 12ஆம் நாள், அப்பிள் நிறுவனம் தனது ஐபோன்களுக்கு ஐஓஎஸ் 5 என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதனுள் ஐமெசேஜ் என்னும் செய்திச் சேவை இருந்தது. அதற்கு முன், அப்பிள் கணக்கு என்பது பாட்டும் செயலியும் வாங்குவதற்குரிய கடைக்கணக்காகவே பெரிதும் வழங்கியது. ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு, தந்தையின் கடனட்டை, பிள்ளைகள் எல்லோரும் அதனையே பயன்படுத்துவர். மளிகைக் கடையில் வீட்டுப் பெயரிற் கொப்பி வைத்திருப்பது போன்றதே இது. புதிய மென்பொருளோ அந்தக் கடைக்கணக்கையே செய்தி பெறும் முகவரியாகவும் ஆக்கிவிட்டது. 2012 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 6 தொலைபேசி எண்ணையும் கணக்கையும் ஒன்றாகப் பிணைத்தது. ஒருவரே பல கருவிகள் வைத்திருந்தால் எல்லாவற்றிலும் தம் செய்தியைக் காணலாம் என்பதே அமைத்தவர்களின் கருத்து. ஒரு கணக்கென்றால் ஓர் ஆள் என்று அவர்கள் கொண்டனர். குடும்பங்களோ ஒரு கணக்கென்றால் ஒரு வீடு என்று கொண்டிருந்தன. பிழை இந்த இரு கொள்கைகளுக்கும் நடுவில் விளைந்தது. கணவனுக்கு வந்த செய்தியை மனைவியும், மகளின் தோழி எழுதியதைத் தந்தையும் படிக்க நேர்ந்தது. 2014இல் வந்த ஐஓஎஸ் 8 மென்பொருளுக்குப் பின் ஒருவருக்கு வந்த அழைப்புக்கு வீட்டிலுள்ள கருவிகள் பலவும் ஒருங்கே ஒலித்தன. அதே மென்பொருள் ஆறு பேர் வரை தத்தமக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, வாங்கியவற்றை மட்டும் பகிரும் குடும்ப ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. கடைக்கொப்பி வேறு, கடிதப்பெட்டி வேறு என்பதை ஒப்புக்கொள்ள மூன்று ஆண்டுகள் சென்றன.

இதனை ஸ்கந்தபுரத்து வீடொன்றில் வைத்து எண்ணிப் பார்ப்போம். ரொறன்ரோவில் வாழும் மகள் புதிய தொலைபேசி வாங்கித் தன் பழையதை ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்புகின்றாள் எனக் கொள்வோம். அன்பினால் அனுப்பினாள், தன் கணக்கை அதிலிருந்து நீக்க மறந்தாள். அங்கே பேர்த்தி தன் தாய்க்கு, அம்மா, இன்று வரத் தாமதமாகும் என்று மாலையில் ஒரு வரி எழுதுகின்றாள். அந்த வரி ஸ்கந்தபுரத்திலும் பின்னிரவில் ஒலிக்கின்றது. எழுதியவள் பெயர் இல்லை. அம்மா என்னும் விளி மட்டும் உண்டு. அம்மா என்பது பெயரா? சொல்பவர் யார் என்று தெரிந்தாலன்றி அச்சொல் ஒருவரையும் குறியாது. மகளின் அம்மா பேர்த்திக்கு அம்மம்மா. பேர்த்தியின் அம்மா பாட்டிக்கு மகள். தமிழர் கைத்தொலைபேசிகளில் அம்மா, அண்ணா, மாமி என்று உறவுப் பெயரால் எழுதி வைத்த எண்கள் பல. இரண்டு பேரின் எண்வரிசை ஒரு கணக்கிற் கலந்தால், இரண்டு அம்மாவும் மூன்று மாமியும் அருகருகே நிற்பர். பொறி இவர்களை வேறுபிரித்து அறியாது. பின்னிரவில் அந்த வரியைப் படிக்கும் மூதாட்டி, ஊர்விட்டு ஊர்பெயர்ந்து பிள்ளைகளின் வரவுக்காக இருளிற் காத்திருந்தவள். வரத் தாமதமாகும் என்பது அவளுக்குச் சிறு செய்தியன்று.

காலம் மாறி வரும் செய்தியும் இவ்வாறே. ஐக்கிய அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் அனுப்பப்பட்ட ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குறுஞ்செய்திகள், செய்திகளைக் கடத்தும் சினிவர்ஸ் நிறுவனத்தின் வழங்கி ஒன்றில் தேங்கிக் கிடந்து, நவம்பர் 7ஆம் நாள் திடீரெனச் சென்று சேர்ந்தன. அந்த ஒன்பது மாதங்களுக்குள் அனுப்பியவர்களுட் சிலர் இறந்திருந்தனர். இறந்தவரின் பெயரோடு வந்த புதிய செய்தியைக் கண்டவர்களின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காணாமற்போன தம் உறவினருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கிய குடும்பங்களை எண்ணிப் பார்க்க. அத்தகைய வீட்டில், பெயர் மாறித் தோன்றும் ஒரு வரி எத்தனை நம்பிக்கையை எழுப்பும்! பின் எத்தனை மடங்கு அதனை வீழ்த்தும்! செய்தி மாறுவது வேடிக்கையாகத் தோன்றும் வீடுகளும் உள. அவ்வாறு தோன்றாத வீடுகளும் உள.

இவற்றாற் பெறப்படுவது யாது? பொறிகளை வெறுப்பதற்கு இங்கு இடமில்லை. மாதக்கணக்கில் ஒரு தாளுக்காகக் காத்திருந்த ஊர் இன்று கண்டம் கடந்து முகம் பார்த்துப் பேசுகின்றது. அது பெரும் பேறு. ஆயின் முகவரியை முழுவதும் பொறியிடம் ஒப்படைத்தல் தகாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். தொலைபேசியைப் பிறருக்குக் கொடுக்குமுன் அதிலிருந்து தம் கணக்கை நீக்க வேண்டும். மென்பொருளை இற்றைப்படுத்தியபின், எந்த எண்ணுக்கும் எந்த முகவரிக்கும் உரிய செய்திகள் அக்கருவிக்கு வருகின்றன என்பதை அமைப்புப் பகுதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எண்களை உறவுப் பெயரால் மட்டும் எழுதாது இயற்பெயரையும் சேர்த்தெழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றியமையாத செய்தி எதுவாயினும், யாருக்கு யார் எழுதுவது என்பதைச் செய்தியினுள்ளேயே எழுதிவிடுதல் நலம். நம் முன்னோர் கடிதத்தின் முதல் வரியில் அதனைத் தவறாது எழுதினர். எழுபது குறிகளுள் அவ்வரிக்கு இடமில்லாத காலமும் இன்று பெரிதும் கழிந்துவிட்டது. அவ்வரியை மீண்டும் எழுதத் தொடங்கலாம்.