முயலின் கண்ணில் நீர் வடிந்தால் பல்லையும் பாருங்கள்

விக்கிரவாண்டி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் பத்து, இருபது முயல்களைக் கூண்டில் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு சோடி வாங்கி வந்து வீட்டில் செல்லமாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “முயலுக்குக் கண்ணுல தண்ணி வடியுது, பீளை கட்டுது, என்ன சொட்டு மருந்து விடலாம்?”

சொட்டு மருந்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முயலைப் பொறுத்தவரை, கண்ணில் தெரியும் கோளாறின் வேர் பல நேரங்களில் கண்ணில் இருப்பதில்லை. பல்லில் இருக்கும், மூக்கில் இருக்கும், கூண்டுக்கு அடியில் சேர்ந்த சிறுநீரில்கூட இருக்கும். காரணம் தெரியாமல் மருந்து விட்டால் நாலு நாள் குறையும், பிறகு திரும்ப வரும்.

கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு?

கண்ணீர் உள்ளே வடிந்து போக முயலுக்கு ஒவ்வொரு கண்ணிலும் ஒரே ஒரு துளைதான் உண்டு. அது கீழ் இமையின் உட்புறம் இருக்கிறது. அங்கிருந்து மூக்குக்குப் போகும் மெல்லிய குழாய், மேல் பற்களின் வேர்களை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. முயலின் பற்களோ சாகும் வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் அது தேயும்.

தவிடு, சோறு, பிஸ்கட், ரொட்டி, கேரட் என்று மெல்லாமல் விழுங்கக்கூடிய தீனியையே கொடுத்தால் பல் தேயாது. வளரும் பல் வேர்ப்பக்கமாகவும் அழுத்தும். அப்போது குழாய் நெருக்கப்பட்டு அடைபடும். கண்ணீர் வெளியே வழிந்து கன்னத்து முடி நனையும், சில நாளில் கஞ்சி போன்ற வெள்ளைச் சீழ் வரும். இதற்குக் கண் மருந்து மட்டும் விட்டால் தீராது. மருத்துவர் குழாயைக் கழுவிவிட்டு, பல்லையும் பார்க்க வேண்டும். நீங்கள் தீனியை மாற்ற வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியவை

முயல் தன் நோயை மறைக்கும் பிராணி. கண் வலித்தாலும் கத்தாது. தீனி போடும்போது முகத்தைப் பார்ப்பதோடு, முன்னங்கால்களின் உட்புற முடியையும் பாருங்கள். கண்ணிலோ மூக்கிலோ நீர் வடிந்தால் முயல் முன்னங்காலால்தான் துடைக்கும். அந்த முடி ஈரமாக, சடை பிடித்தது போல ஒட்டியிருந்தால் கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள். கீழ்த் தாடையின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் பல்வேரில் சீழ் இருக்கலாம்.

வெள்ளை ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை இனங்களுக்குக் கண்மணி சிவப்பாகத்தான் இருக்கும். அது பிறவி நிறம், நோய் அல்ல. இமையின் ஓரமும் உட்புறமும் வீங்கிச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதே சரி. சோவியத் சின்சில்லாவின் கண் கருமை என்பதால் இந்தக் குழப்பம் வராது.

பிறந்த குட்டிகள் 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். அதற்குப் பிறகும் இமை ஒட்டி, உள்ளே உப்பலாக இருந்தால் சீழ் கட்டியிருக்கலாம். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து இமையை ஊற வையுங்கள். பிய்த்துத் திறக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதித்தால் பார்வை போய்விடும்.

மூக்கிலும் சளி ஒழுகி, தும்மலும் இருந்தால் பாஸ்டுரெல்லா என்ற நுண்கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அது கூண்டுக்குக் கூண்டு பரவும். அந்த முயலை உடனே தனியே வைத்து, அதற்குக் கடைசியாகத் தீனி போட்டுக் கை கழுவுங்கள். கண் ஓரத்திலும் மூக்கு நுனியிலும் காதிலும் வெள்ளைப் பொருக்கு தட்டினால் அது சொறி. அதற்கு ஊசி மருந்து உண்டு. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைத் தடவிவிடாதீர்கள். அதில் உள்ள ஃபிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும்.

எது அவசரம்?

ஒரு கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டு திறக்க மறுப்பது, விழியின் மேல் பூ விழுந்தது போல வெண்மை படர்வது, கண் வெளியே பிதுங்குவது. இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். நம் பகுதியில் நெல் தூசும் உமியும் சுணையும் கண்ணில் விழுவது சாதாரணம். முயல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் இமைக்கும் என்பதால் விழுந்த தூசு அங்கேயே உராய்ந்து புண்ணாக்கும். பிதுங்கிய கண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் பல்வேர்ச் சீழ்க்கட்டி இருக்கும். முயலின் சீழ் தயிர்க்கட்டி போலக் கெட்டியானது, கீறிவிட்டால் ஒழுகி வெளியே வராது. சில நேரம் கண்ணையே எடுக்க நேரும். ஒற்றைக் கண்ணோடும் முயல் நன்றாகவே வாழும், எனவே அதற்குப் பயந்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கண் கோளாறோடு 12 மணி நேரம் தீனி எடுக்காமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. முயலின் குடல் நின்றுவிட்டால் மீட்பது கடினம்.

நியூசிலாந்து வெள்ளை இனத்தில் சிறு வயதிலேயே கண் பெரிதாகி நீலம் பூத்தால், அது பரம்பரையாக வரும் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அந்த முயலையும் அதன் பெற்றோரையும் இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். ஒரே கிடாவை வருடக்கணக்கில் அதன் குட்டிகளோடே சேர்ப்பதுதான் இதுபோன்ற குறைகளைப் பண்ணையில் பெருக்குகிறது.

செய்யக் கூடாதவை

மருந்துக்கடையில் கண் சிவப்புக்கென்று தரும் சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். கண்ணில் புண் இருந்தால் இவை புண்ணை ஆறவிடாது, விழியே ஓட்டையாகிவிடலாம். மருத்துவர் பச்சைச் சாயம் விட்டுப் புண் இல்லை என்று உறுதி செய்யும் வரை ஸ்டீராய்டு கூடாது. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன் எதையும் விட வேண்டாம்.

இதைவிட முக்கியம், அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தது மீதி இருக்கிறதே என்று கொடுத்தால், முயலின் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் இறந்துவிடும்.

எங்கே காட்டலாம்?

முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம். அங்கே தீராதவை என்றால் விழுப்புரம். பல், சீழ்க்கட்டி, அறுவை என்றால் நமக்கு அருகில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வழி கேட்க 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

கொண்டுபோகும்போது பட்டினி போடாதீர்கள். முயல் வாந்தி எடுக்காது, ஆகவே அறுவைக்கு முன்னும் வெறும் வயிறு தேவையில்லை. காற்றோட்டமுள்ள கூடையில் கொஞ்சம் புல்லோடு, வெயிலுக்கு முன் காலையில் கிளம்புங்கள். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. என்ன தீனி போடுகிறீர்கள், எத்தனை நாளாக வடிகிறது, என்ன மருந்து விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் மருந்து விடும்போது முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, பின்னங்கால் உதைக்காதபடி பிடியுங்கள். உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். பீளையைத் துடைத்த பிறகே சொட்டு விட வேண்டும். குப்பியின் நுனி கண்ணில் படக் கூடாது.

திரும்ப வராமலிருக்க, தீனியில் பெரும்பங்கு புல்லும் காய்ந்த புல்லும் இருக்கட்டும். வேலிமசால், முயல் மசால், கடலைக்கொடி அளவோடு தரலாம். பூஞ்சை பிடித்த கொடி வேண்டாம். கூண்டுக்கு அடியில் உள்ள புழுக்கையையும் சிறுநீரையும் தினமும் அகற்றுங்கள். கூண்டின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுக்கும்போது உங்கள் கண் கரித்தால், முயலுக்கு அது நாள் முழுக்கக் கரிக்கிறது.