தோள் உதையும் தோட்டா விலையும்

திரைப்படத்தில் கதாநாயகன் ஒற்றைக் கையில் துப்பாக்கியைப் பிடித்து நாற்பது முறை சுடுவான். தோள் அசையாது, தோட்டாவும் தீராது. நிஜத் துப்பாக்கியோ சுடுகிறவனையே முதலில் உதைக்கும். ஒவ்வோர் உதைக்கும் ஒரு விலையும் உண்டு. துப்பாக்கி சுடுதலின் வரலாறே ஏறக்குறைய இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை, மூவார் ஆற்றங்கரைக்குப் போனால் போதும்.

1941 டிசம்பரில் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, அடுத்த மாதமே ஜொகூரின் வாசலுக்கு வந்துவிட்டது. கடலோரச் சாலையைக் காக்க மூவாரில் நிறுத்தப்பட்டது 45ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேட். ராஜபுதன ரைஃபிள்ஸ், ஜாட், கார்வால் என மூன்று பட்டாளங்கள். மத்திய கிழக்கின் பாலைவனத்துக்காகத் தயார் செய்யப்பட்டவர்கள், 1942 ஜனவரி முதல் வாரத்தில் சிங்கப்பூரில் இறங்கினார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ரப்பர் காட்டுக்குள் எதிரியின் எதிரே நின்றார்கள். ராணுவம் அவசர அவசரமாகப் பெருகிய காலம் அது. அனுபவமுள்ள அதிகாரிகளும் ஹவில்தார்களும் புதுப் பட்டாளங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருந்தார்கள். மிஞ்சியவர்களில் பலருக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை.

அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தது .303 லீ என்ஃபீல்ட். எடை சுமார் 4 கிலோ. அதிலிருந்து 11 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்கிறது. முன்னால் பாய்வதற்கு ஈடாகப் பின்னால் ஒரு தள்ளு விழ வேண்டும். பள்ளிப் பாடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. வெடிமருந்தின் வாயுவும் சேர்ந்துகொள்ள, துப்பாக்கி வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் தோளில் வந்து மோதும். கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடித்தவனுக்கு அது ஒரு தள்ளு. தளர்வாகப் பிடித்தவனுக்குக் கன்றிப்போன தோள்.

வலியைவிட மோசமானது அதன் நினைவு. ஒருமுறை உதை வாங்கியவன், அடுத்த முறை விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடுகிறான், தோளைக் குறுக்குகிறான். துப்பாக்கியின் வாய் ஒரு நூலிழை நகர்கிறது. நூறு மீட்டர் தூரத்தில் அந்த நூலிழை ஒரு முழமாகிவிடும். இந்தப் பயத்தைப் போக்க ஒரே மருந்து, சுட்டுச் சுட்டுப் பழகுவது. அதற்குத் தோட்டா வேண்டும், நாள் வேண்டும். மூவாருக்கு வந்த பையன்களுக்குக் கிடைக்காதது அந்த நாள்தான்.

எதிரில் வந்த ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கி 6.5 மில்லிமீட்டர், குண்டு 9 கிராம். நீளமான குழல், உதையும் குறைவு. சிறிய உடல்வாகு கொண்ட சிப்பாய்க்கு அது தோதான ஆயுதம். ஆனால் மூவார்ப் போரை முடிவு செய்தது துப்பாக்கியின் உதை என்று சொன்னால் அது மிகை. 40 கிலோமீட்டர் ஆற்றங்கரையை ஒரே பிரிகேட் காக்க வேண்டியிருந்தது. வானம் முழுக்க ஜப்பானிய விமானங்கள். ஜனவரி 15 இரவில் எதிரி ஆற்றைக் கடந்தான். நான்கே நாளில் மூன்று பட்டாளங்களின் தளபதிகளும் மாண்டார்கள். பக்ரியில் ஆஸ்திரேலியர்கள் ஜப்பானிய டாங்கிகளை நொறுக்கியும் பாதை மூடிக்கொண்டது. பாரிட் சூலோங் பாலத்தருகே தோட்டாவும் மருந்தும் தீரும் நிலைக்கு வந்தன. நடக்க முடிந்தவர்கள் காட்டு வழியாக யோங் பெங் நோக்கித் தப்பினார்கள். விட்டுச்செல்லப்பட்ட காயம்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியரும் ஜனவரி 22ஆம் தேதி கொல்லப்பட்டனர். படையை வழிநடத்திய ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. 45ஆவது பிரிகேட் மறுபடி எழவே இல்லை. கல்லறை இல்லாத சிப்பாய்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மூவாருக்குச் சாப்பிடப் போகிறவர்கள் எத்தனை பேர் இதை நினைக்கிறார்களோ!

இத்தனைக்கும் பிரிட்டிஷார் இந்தப் பாடத்தை முன்பே படித்தவர்கள். 1899இல் தொடங்கிய போயர் போரில், பண்ணை விவசாயிகள் குறிபார்த்துச் சுட்டதில் அவர்களின் படை திணறியது. அதற்குப் பிறகு பிரிட்டனில் ஊருக்கு ஊர் சிறு துப்பாக்கிக் கழகங்கள் முளைத்தன. அங்கே பழகியது .22 துப்பாக்கி. குண்டு இரண்டரை கிராம்தான், உதை ஒரு சிலிர்ப்பு மாதிரி. தோட்டாவின் விலையும் மிகக் குறைவு என்பதால் ஆலைத் தொழிலாளியும் சனிக்கிழமை மாலையில் ஐம்பது முறை சுட்டுப் பார்க்க முடிந்தது. லீ என்ஃபீல்டையே .22 தோட்டா போடும்படி மாற்றிப் படைகளும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டன. பொழுதுபோக்குச் சுடுதல் பணக்காரர் கையிலிருந்து இறங்கி வந்தது இந்த மலிவுத் தோட்டாவால்தான்.

மலாயாவில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1948இல் அவசரகாலம் வந்ததும், அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றானது. பிறகு 1960இன் ஆயுதச் சட்டம், 1971இன் கடும் தண்டனைச் சட்டம். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும் கெடுபிடி குறையவில்லை. பன்றி விரட்ட உரிமம் பெற்ற தோட்டக்காரர் கையில் இருக்கும் 12ஆம் எண் வேட்டைத் துப்பாக்கியின் உதை, பழைய .303ஐவிடப் பலமானது. ஆனால் அவர் பழகுவதற்காகச் சுட்டுப் பார்க்க மாட்டார். தோட்டாவுக்கும் கணக்கு உண்டல்லவா?

விளையாட்டு வீரர்கள் கண்டுபிடித்த வழி, காற்றுத் துப்பாக்கி. அதில் வெடிமருந்தே கிடையாது. அரை கிராம் ஈயக்குண்டு, விலையும் சில காசுதான். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி 1984இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதையே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி தாய்பி எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களத்தில் நின்றார். வயிற்றில் குழந்தை உதைத்தால் ஒரு கணம் பொறுத்துக்கொண்டு சுட வேண்டியதுதான். துப்பாக்கி உதைக்காது.