அளவுகோலும் தண்டனையும்

மோட்டார் வண்டியின் சக்கரமே ரப்பருக்கு உலகச் சந்தையைத் தேடித் தந்தது. கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் சீவிய மரங்களின் பாலும் அச்சந்தைக்கே சென்றது. பாலின் எடையையும் அதிலுள்ள உலர் ரப்பரையும் கொண்டு கூலி கணக்கிட்ட தோட்டங்களில், அளக்கும் கருவி சரியானதா என்பது தொழிலாளியின் வயிற்றைத் தொட்ட வினாவாகும். மோட்டார் பந்தயத்தின் வரலாற்றிலும் அதே வினா எழுந்துள்ளது.

கடையில் விற்கும் வண்டியை மாற்றமின்றி ஓட்டும் போட்டியாகவே அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் உருவாயிற்று. நாஸ்கார் சங்கம் அவ்வகையில் நடத்திய முதற்பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நிகழ்ந்தது. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. ஆயின், கள்ளச்சாராயம் கடத்துவோர் செய்வதுபோல அவர் வண்டியின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தமை சோதனையில் வெளிப்பட்டது. வெற்றி ஜிம் ரோப்பருக்குச் சென்றது. வண்டியின் உரிமையாளர் தொடுத்த வழக்கை நீதிமன்றம் தள்ளியது. விதி வகுத்தவர்க்கே தண்டிக்கும் உரிமையும் உண்டு என்பது இவ்வாறு நிலைபெற்றது.

அவ்வுரிமைக்கு எல்லை உண்டா என்பதை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மலேசியா கண்டது. அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் பிரதமராயிருந்தபோது எழுந்த சிப்பாங் ஓட்டப்பாதையில், 1999 அக்டோபர் 17 அன்று முதல் பார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. பெராரி வண்டிகளில் எடி இர்வைன் முதலாவதாகவும் மைக்கேல் ஷூமாக்கர் இரண்டாவதாகவும் வந்தனர். பக்கத்தில் காற்றைத் திருப்பும் தகடு விதித்த அளவினின்று 10 மில்லிமீட்டர் விலகியதென இருவரும் நீக்கப்பட்டனர். அத்தீர்ப்பின்படி மிக்கா ஹாக்கினென் அவ்வாண்டின் உலக வெற்றியாளராகியிருப்பார்.

பெராரி மேல்முறையிட்டது. பாரிஸில் வழக்கைக் கேட்ட நடுவர்கள், முறையாக அளந்தால் தகடு விதி இடங்கொடுத்த 5 மில்லிமீட்டர் விலக்குக்குள் அடங்குவதாகவும், சிப்பாங்கில் அளந்த முறை போதிய நுட்பமுடையதன்று எனவும் முடிவு கூறினர். அக்டோபர் 23 அன்று வெற்றி மீண்டது. எனினும் ஜப்பானில் இறுதிப் பந்தயத்தை வென்ற ஹாக்கினெனே பட்டம் பெற்றார்.

நாஸ்காரிலோ, நெடுங்காலம் அபராதமும் புள்ளிக் குறைப்புமே வழக்கமாயிருந்தன; சோதனையில் தவறியவரும் வெற்றியை இழக்கவில்லை. இந்நிலை 2019இல் மாறியது. 2022 ஜூலையில் பொக்கோனோவில் முதலில் வந்த டென்னி ஹாம்லின் நீக்கப்பட்டார். முதல்நிலைத் தொடரில் வெற்றி இவ்வாறு பறிபோனது 1960க்குப் பின் அதுவே முதன்முறை.

1949இன் தீர்ப்பு ஓட்டுபவரை விதிக்குக் கட்டியது. 1999இன் தீர்ப்பு அளப்பவரையும் கட்டியது. இரண்டும் சேர்ந்தால்தான் தண்டனை நீதியாகும்.